தானுந்துத் தூக்கி

தானுந்துத் தூக்கி என்பது தானுந்து, சிறு சரக்குந்து முதலிய ஊர்திகளைத் தரையிலிருந்து முழுமையாக உயர்த்தி, அவற்றின் அடிப்பகுதியில் வேலை செய்ய உதவும் பொறி ஆகும். பேச்சு வழக்கில் இது கார் லிப்ட் என்றும், பட்டறைகளில் வெறுமனே லிப்ட் என்றும் அழைக்கப்படுகிறது. ஊர்தியுடன் தரப்படும் ஜாக்கி ஒரு சக்கரத்தை மாற்றும் அளவுக்கு மட்டுமே தூக்கவல்லது. தூக்கியோ ஊர்தியின் முழு எடையையும் ஏற்று, உயர்த்திய நிலையில் பொறிப் பூட்டுகளால் தாங்கி நிற்கும். பழுதுபார்க்கும் நிலையங்களுக்கென உருவாக்கப்பட்ட இப்பொறி இப்போது வீட்டுக் கொட்டகைகளிலும் நிறுவப்படுகிறது. வீட்டுக்கான தூக்கியைத் தேர்ந்தெடுப்பதில் பொறியின் திறனைவிட வீட்டின் கூரை உயரமும் தரையின் வலுவுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் பிலேசு பாசுக்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இவ்விதியைப் பயன்படுத்தி இங்கிலாந்தைச் சேர்ந்த சோசப்பு பிராமா 1795-இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். ஊர்திகளுக்கான நீரியல் தூக்கிக்கு அமெரிக்காவின் மெம்பிசு நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி 1925-இல் காப்புரிமை பெற்றார். முடிதிருத்தகத்தில் ஏறி இறங்கும் நாற்காலியைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. அவர் தொடங்கிய ரோட்டரி லிப்ட் நிறுவனம் இன்றும் தூக்கிகளைத் தயாரிக்கிறது.

தமிழ்நாட்டில் பலரும் முதலில் கண்ட தூக்கி, வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் தரைக்குள் புதைக்கப்பட்ட ஒற்றைத் தூண் தூக்கியாகவே இருக்கும். அம்பாசிடர் போன்ற பழைய ஊர்திகளின் அடிப்பகுதியில் அடிக்கடி கிரீசு அடைக்க வேண்டிய இணைப்புகள் பல இருந்தன. ஆகவே ஊர்தியைக் கழுவுவதும் கிரீசு அடிப்பதும் ஒரே வேலையாக அத்தூக்கியின் மேல் நடந்தன. இத்தகைய கருவிகளின் உற்பத்தியில் கோயம்புத்தூருக்கு முக்கிய இடம் உண்டு. அங்கு 1960-இல் தொடங்கப்பட்ட எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனம் காற்றழுத்திகளையும் ஊர்திப் பணிமனைக் கருவிகளையும் தயாரித்தது. அதன் துணை நிறுவனமான ஏடிஎஸ் எல்ஜி தூக்கிகளைத் தயாரித்து வருகிறது.

இயங்கும் முறை

ஒற்றைத் தூண் தூக்கியின் கணக்கு எளிமையானது. 1,500 கிலோகிராம் நிறையுள்ள ஊர்தியின் எடை சுமார் 14,700 நியூட்டன். தூக்கியின் ஆடுதண்டு, அதாவது பிஸ்டன், 25 செ.மீ. விட்டம் உடையது எனக் கொண்டால் அதன் பரப்பு சுமார் 491 சதுர செ.மீ. ஆகும். ஊர்தியை மட்டும் தாங்கத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 3 பார். ஆடுதண்டின் எடையையும் உராய்வையும் சேர்த்துக் கொண்டாலும், சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சாதாரணக் காற்றழுத்தி தரும் 7 அல்லது 8 பார் அழுத்தமே போதும். தொட்டியிலுள்ள எண்ணெயைக் காற்று அழுத்த, எண்ணெய் ஆடுதண்டை உயர்த்துகிறது.

இரு தூண் தூக்கிகளில் உருளைகள் சிறியவை. எனவே மின்னோடியால் இயங்கும் எண்ணெய் எக்கி 150 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தர வேண்டியுள்ளது. 4 டன் தூக்கும் பொறியில் பொதுவாக 2.2 கிலோவாட்டு, அதாவது 3 குதிரைத்திறன், மின்னோடி பொருத்தப்படுகிறது. முழுச் சுமையுடன் 1.8 மீட்டர் உயர்த்த ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். இதற்கான மின்செலவு 0.03 அலகு அளவே. மின் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரு தூண்களிலும் உள்ள தாங்கிகள் ஒரே மட்டத்தில் ஏறுவதற்காக அவை எஃகு வடங்களால் இணைக்கப்பட்டிருக்கும். தூண்களின் உட்புறம் சீரான இடைவெளியில் பற்கள் அமைந்திருக்கும். ஊர்தி உயரும்போது கேட்கும் டக் டக் என்ற ஒலி, பூட்டு நாக்கு ஒவ்வொரு பல்லையும் கடப்பதால் எழுவது. வேண்டிய உயரம் வந்ததும் ஊர்தியைச் சற்றே இறக்கி, எடை முழுவதும் பற்களின் மேல் அமருமாறு செய்ய வேண்டும். எண்ணெய் அழுத்தம் ஊர்தியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்கி நிற்கும் வேலை பூட்டினுடையது. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் இந்நிலையில் ஊர்தி கீழே வராது.

வகைகள்

இரு தூண் தூக்கி, பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படுவது. நான்கு கைகள் ஊர்தியின் அடிச்சட்டத்தைத் தாங்குவதால் நான்கு சக்கரங்களும் தொங்கிய நிலையில் இருக்கும். பிரேக்கு, சசுபென்சன் வேலைகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் கைகளைச் சரியான இடத்தில் வைப்பது பழக்கத்தால் வருவது.

நான்கு தூண் தூக்கியில் ஊர்தி இரண்டு நீண்ட பாதைகளின் மேல் தன் சக்கரங்களிலேயே நிற்கும். தவறாக வைக்கும் வாய்ப்புக் குறைவு. தரையில் விழும் சுமையும் நான்காகப் பிரிகிறது. சக்கரத்தைக் கழற்றத் தனியாக ஒரு துணை ஜாக்கி வேண்டும். ஒரு தானுந்தின் மேல் மற்றொன்றை நிறுத்தி வைக்கவும் இவ்வகை பயன்படுகிறது.

கத்தரித் தூக்கி, கத்தரிக்கோல் போல் விரியும் சட்டங்களால் ஆனது. இதில் 1 முதல் 1.2 மீட்டர் வரை உயர்த்தும் நடுத்தர வகைக்குத் தூண்களே இல்லை. மடக்கிய நிலையில் அதன் மேலேயே ஊர்தியை நிறுத்தி வைக்கலாம். ஊர்தியின் நடுப்பகுதியைச் சட்டங்கள் மறைப்பது இதன் குறை. புகைபோக்கி, பற்சக்கரப் பெட்டி வேலைகளுக்கு இது வசதியாக இருக்காது.

வீட்டில் நிறுவுதல்

முதலில் அளக்க வேண்டியது உயரம். சராசரி உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்று வேலை செய்ய ஊர்தியின் அடிப்பகுதி 1.7 மீட்டருக்காவது உயர வேண்டும். ஊர்தியின் உயரத்தை இதனுடன் கூட்டினால், 1.5 மீட்டர் உயரச் சிறிய தானுந்துக்கு 3.2 மீட்டரும், 1.88 மீட்டர் உயரமுள்ள மகிந்திரா பொலேரோவுக்கு ஏறத்தாழ 3.6 மீட்டரும் தேவை. தமிழ்நாட்டு வீடுகளின் கூரை வழக்கமாகப் பத்து அடி, அதாவது 3.05 மீட்டர் மட்டுமே. ஆகவே ஒரு மாடி வீட்டின் போர்ட்டிகோவில் முழு உயரத் தூக்கியை வாங்கி வைப்பது வீண் செலவு. அங்கு நடுத்தரக் கத்தரித் தூக்கியும் சக்கரம் வைத்த ஒரு முக்காலியும் போதும். இரண்டு ஊர்திகளை அடுக்கி நிறுத்துவதும் இந்த உயரத்தில் இயலாது.

அடுத்தது அகலம். தானுந்து ஒன்றை நிறுத்தக் கட்டட வரைபடங்களில் பொதுவாக ஒதுக்கப்படும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இரு தூண் தூக்கியின் வெளி அகலமே சுமார் 3.4 மீட்டர். கதவைத் திறக்கவும் ஆள் நடமாடவும் சேர்த்தால் 4 மீட்டருக்கு மேல் வேண்டும். நீளம் அவ்வளவு சிக்கலானதன்று. 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய தானுந்துகளுக்கு 2006-இல் கலால் வரி குறைக்கப்பட்டதிலிருந்து இந்தியச் சாலைகளில் ஓடும் ஊர்திகளில் பெரும் பகுதி அந்த எல்லைக்குள்ளேயே வடிவமைக்கப்படுகிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது தரை. இரு தூண் தூக்கி நிற்பது அதன் எடையால் அன்று, தரையில் இறக்கப்பட்ட நங்கூரத் திருகாணிகளின் பிடிப்பால். ஊர்தி உயர்ந்திருக்கும்போது தூண்கள் உள்நோக்கிச் சாய முயல்கின்றன. அந்த இழுவையை ஒவ்வொரு தூணின் அடியிலும் உள்ள சில திருகாணிகளும் அவற்றைச் சூழ்ந்த காங்கிரீட்டுமே ஏற்கின்றன. தயாரிப்பாளர்கள் குறைந்தது 100 மி.மீ. தடிமனும், பலர் 150 முதல் 200 மி.மீ. தடிமனும் உள்ள, எம்20 அல்லது அதற்கு மேற்பட்ட தரக் காங்கிரீட்டைக் கேட்கின்றனர். எம்20 என்பது 28 நாள் முதிர்ந்த பின் ஒரு சதுர மி.மீ.-க்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்குவது. நம் வீடுகளில் தரைக்கு அடியில் போடப்படுவதோ பெரிய ஜல்லியுடன் 1:4:8 விகிதத்தில் கலந்த காங்கிரீட்டு. அதன் வலிமை 7.5 நியூட்டன் அளவே. அதன் மேல் ஓடு பதித்துவிட்டால் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். அத்தகைய தரையில் திருகாணி இறக்கிய தூக்கி, சில முறை ஒழுங்காக வேலை செய்த பின் ஒரு நாள் திருகாணியோடு பெயர்ந்து வரலாம். ஏற்கெனவே உள்ள தரையை நம்பாமல், தூண்கள் அமையும் இடத்தைத் தோண்டி, கம்பி கட்டிப் புதிய காங்கிரீட்டு இடுவதே சரியான முறை. மழைநீர் வடிய வாயிலை நோக்கிச் சரிவாக அமைக்கப்பட்ட தரையையும் சமன்படுத்த வேண்டும்.

மின்னிணைப்பு: 230 வோல்ட்டு ஒருமுனை மின்சாரத்தில் 2.2 கிலோவாட்டு மின்னோடி சுமார் 13 முதல் 15 ஆம்பியர் வரை எடுக்கும். தொடங்கும் கணத்தில் இது பல மடங்கு கூடும். எனவே தனிக் கம்பிவழியும் தனி மின்முறிப்பானும் நல்ல நிலத்தொடர்பும் தேவை. மின்னழுத்தம் குறைவாக உள்ள ஊர்களில் மின்னோடி தொடங்காமல் முனகி நிற்கும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் இச்சிக்கல் குறைவு.

மின்தடை குறித்தும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பூட்டில் அமர்ந்துள்ள ஊர்தியை இறக்க, முதலில் அதைச் சற்றே உயர்த்திப் பூட்டு நாக்கை விடுவிக்க வேண்டும். உயர்த்த மின்சாரம் வேண்டும். ஆகவே மின்சாரம் வரும் வரை ஊர்தி மேலேயே இருக்கும். அவசரத்துக்கு அந்த ஒரே ஊர்தியை நம்பியுள்ள குடும்பம் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தென்காசி வட்டாரச் சூழல்

தென்காசி மாவட்டத்தில் அனுமன் நதிக்கரையில் வயல்களும் குளங்களும் சூழ அமைந்த ஆய்க்குடி போன்ற ஊர்களில் மேற்கண்டவற்றுடன் வேறு சிலவும் சேர்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் ஆகத்து வரை பலமாக வீசுகிறது. குற்றாலச் சாரலும் அக்காற்றோடு வருவதே. பெரும்பாலான தூக்கிகள் கட்டடத்துக்குள் நிறுவுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பக்கச் சுவரில்லாத தகரக் கொட்டகையில் 1.7 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஊர்தி, காற்றுக்கு ஒரு பாய்மரம் போன்றது. சாரல் ஈரத்தால் எஃகு வடங்களும் சங்கிலிகளும் துருப்பிடிக்கின்றன. வடத்தின் இழை ஒன்று அறுந்திருந்தாலும் அவ்வடத்தை மாற்றிவிட வேண்டும்.

நன்செய் நிலத்தை மண்ணிட்டு நிரப்பிக் கட்டிய வீடுகளில் நிரப்பு மண் பல ஆண்டுகள் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு தூண் சில மில்லிமீட்டர் இறங்கினாலும் தூக்கியின் மட்டம் குலையும். இங்கு நான்கு தூண் அல்லது கத்தரி வகை மேலானது. அப்போதும் அடியில் ஒரே துண்டாகக் கம்பியிட்ட காங்கிரீட்டுத் தளம் வேண்டும்.

தரைக்குள் புதைக்கும் தூக்கியையும், பழைய பட்டறைகளில் உள்ள பள்ளத்தையும் இவ்வட்டாரத்தில் தவிர்ப்பதே நல்லது. நிலத்தடி நீர் மேலே உள்ள இடங்களில் பள்ளத்தில் நீர் ஊறும். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்காசி உட்பட நான்கு தென் மாவட்டங்களில் பெய்த பெருமழை போன்றதொரு நிகழ்வில் பள்ளமும் அதிலுள்ள கருவிகளும் மூழ்கிவிடும். மழையில்லாத காலத்திலும் பள்ளத்துக்கு ஓர் இடர் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தின் அடியில் தேங்கி, ஒரு கைவிளக்கின் பொறியில் தீப்பற்றலாம்.

பாதுகாப்பு

முன்சக்கர இயக்கத் தானுந்துகளில் எடையின் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்பக்கம் இருக்கும். தூண்களுக்கு நடுவே ஊர்தியின் நீளத்தைச் சமமாகப் பிரித்து நிறுத்தினால் அது முன்பக்கமாகச் சாயும். ஈர்ப்பு மையமே தூண்களுக்கு நேராக வர வேண்டும். தூக்கிய நிலையில் இயந்திரத்தைக் கழற்றினால் ஈர்ப்பு மையம் சட்டெனப் பின்னே நகர்ந்து, ஊர்தி பின்பக்கமாகக் கவிழக்கூடும். அதற்கு முன்பே பின்பகுதிக்கு உயரமான தாங்கி கொடுக்க வேண்டும்.

கைகளை வைக்கும் இடம் ஊர்திக்கு ஊர்தி மாறும். மாருதி சுசுக்கியின் சிறிய தானுந்துகளில் தனிச் சட்டம் கிடையாது; கதவுக்கு அடியில் உள்ள விளிம்பில் குறியிட்ட நான்கு இடங்களில் மட்டுமே தாங்க வேண்டும். பொலேரோ போன்றவற்றுக்கு ஏணிச் சட்டம் உண்டு. மின் தானுந்துகளின் அடியில் மின்கலத் தொகுதி பரவியிருப்பதால் கை அதன் மேல் படவே கூடாது. எந்த ஊர்தியாயினும் உரிமையாளர் கையேட்டில் உள்ள படத்தைப் பார்க்காமல் தூக்குவது தவறு. சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழுந்ததும் நிறுத்தி, ஊர்தியை அசைத்துப் பார்த்த பிறகே மேலும் உயர்த்த வேண்டும்.

ஐரோப்பாவில் ஈஎன் 1493 என்னும் செந்தரம் தூக்கிகளின் வடிவமைப்பை வரையறுக்கிறது. அமெரிக்கச் செந்தரம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தகுதி பெற்றவரால் தூக்கியைச் சோதிக்கக் கோருகிறது. வீட்டுத் தூக்கியைச் சோதிக்க யாரும் தேடி வரப்போவதில்லை. எனவே வாங்கும்போதே அருகில் பராமரிப்புப் பணியாளர் உள்ளாரா என்று விசாரிப்பது, விலையில் சில ஆயிரம் குறைப்பதைவிட முக்கியமானது. பழைய தூக்கியைப் பட்டறையிலிருந்து வாங்குவோர், பூட்டுப் பற்களின் தேய்மானத்தையும் வடங்களையும் புதியவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய திருகாணிகளை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது.

மாற்று வழிகள்

ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் மாற்றவும் பிரேக்குக் கட்டையைப் பார்க்கவும் மட்டும் விரும்பும் ஒருவருக்குத் தூக்கி தேவையில்லை. சக்கரம் வைத்த 2 அல்லது 3 டன் தரை ஜாக்கி, அதே திறனுள்ள ஒரு சோடித் தாங்கிகள், பின்சக்கரங்களுக்கு அடைகல் அல்லது மரக்கட்டை ஆகியன போதும். ஆனால் தாங்கி வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்திக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்தானது. செங்கல்லையும் ஹாலோபிளாக் கல்லையும் தாங்கியாக வைக்கும் வழக்கமும் அதே அளவு ஆபத்தானது. அவை மண்ணில் பரவலாக அமரும் சுவரின் எடையைத் தாங்குபவை. ஒரு முனையில் விழும் சுமையில் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். எஃகுத் தாங்கி கிடைக்காத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அடுக்கிய கனமான மரக்கட்டைகள் இவற்றைவிடப் பாதுகாப்பானவை. மரம் உடையும் முன் நசுங்கி ஓசை எழுப்பும்.