சூடாமணி விகாரம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

கள்ளக்குறிச்சியில் இருந்து சின்னசேலம் வழியாக ஆத்தூர் போகும்போது தலைவாசல் வரும். அதன் பக்கத்தில் உள்ள தியாகனூரில் இரண்டு பெரிய கல் புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இப்போது தியான மண்டபம் கட்டியிருக்கிறார்கள். சரி, அந்தக் காலத்தில் ஒரு பௌத்தப் பள்ளியை நடத்தச் செலவு செய்தது யார்? காமர்ஸ் படித்தால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றும்!

சோழ நாட்டில் இதற்கு எழுத்தில் பதில் இருப்பது நாகப்பட்டினத்தில். மலாக்கா நீரிணையைக் கையில் வைத்திருந்த ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர் பெயரில் அங்கே ஒரு விகாரம் எழுந்தது. கட்டி முடித்தவர் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர். 1006 வாக்கில் ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தார். சுமார் 97 வேலி நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். அதாவது அரசுக்கு வர வேண்டிய வரி விகாரத்துக்குப் போகும். சிவபக்தர் ஒருவர் இதைச் செய்தார் என்றால், பக்தி மட்டுமா காரணம்? சீனா வரை கப்பல் போகும் வழி அவர்கள் கையில் இருந்ததே!

இந்தக் கொடையை 21 செப்பேடுகளில் வெட்டி வைத்தவர் ராஜேந்திரன். அவரே 1025-ல் ஸ்ரீவிஜயத்தின் மீது படை எடுத்தார். ஆனாலும் கொடை ரத்தாகவில்லை. 1090-ல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதால் முதலாம் குலோத்துங்கன் அதை மீண்டும் உறுதி செய்தார். சண்டை வந்து போனது, கணக்கு நின்றது.

பிற்காலத்தில் மிஞ்சியது மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்றுதான். சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே நெருக்கி அடுக்கிய கட்டடம். கடலில் வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். 1846-ல் வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதி வைத்தார். 1867-ல் ஏசு சபையினர் கேட்க, சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது. இடித்துவிட்டார்கள்.

போருக்குத் தப்பிய இடம் ஓர் அனுமதிக் கடிதத்துக்குத் தப்பவில்லை. காரணம் எளிது நண்பர்களே. 1090-ல் அதற்காகக் கேட்க ஆள் இருந்தது. 1867-ல் "இது எங்களுடையது" என்று சொல்ல யாரும் இல்லை. நம் ஊர்ப்பக்கத்துப் பழைய சிலைகளுக்கும் இன்று தேவை அப்படிச் சொல்ல நாலு பேர்தான்.