பிளாட்டன்: ஒரு மலையூரின் ஆண்டு

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்தது லோட்சன் பள்ளத்தாக்கு. ஃபெர்டன், கிப்பெல், வீலர், பிளாட்டன் என்னும் நான்கு ஊர்கள் லோன்சா ஆற்றையொட்டி வரிசையாக அமைந்தவை. அவற்றுள் கடைக்கோடியில், ஏறத்தாழ 1,540 மீட்டர் உயரத்தில் இருந்தது பிளாட்டன். 'இருந்தது' என்று எழுத நேர்ந்தது 2025 மே 28ஆம் நாளுக்குப் பின்னரே.

1913இல் லோட்ச்பெர்க் இருப்புப்பாதைச் சுரங்கம் திறக்கப்படும் வரை இப்பள்ளத்தாக்கிற்கு வெளியார் வருகை அரிது. வந்தவரும் பெரும்பாலும் கோடையில் வந்தனர். 1859 ஆகஸ்டில் ஆங்கில எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன் உள்ளூர் வழிகாட்டிகளுடன் பீச்ஹோர்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார். 1931, 1932ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ் வந்து, சிறுவர் பற்களில் சொத்தை மிகக் குறைவாயிருக்கக் கண்டு வியந்தார். ரை ரொட்டியும் பாலும் பாலாடைக்கட்டியுமே காரணம் என்றார். அவர்கள் கண்டது ஊரின் ஒரு முகத்தையே. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று பயின்ற நமக்கு ஏனைய முகங்களையும் காணத் தோன்றும்.

பனிக்காலத்தில் ஊர் சுருங்கும். வெயிலில் கறுத்த லார்ச் மரவீடுகளில் மாந்தரும், அருகே தொழுவங்களில் உலர்புல்லை நம்பி மாடுகளும் அடைந்திருப்பர். தானியக் களஞ்சியங்கள் மரக்கால்களின்மேல் நிற்கும். எலி ஏறாதபடி காலுக்கும் களஞ்சியத்துக்கும் இடையே வட்டக் கற்பலகை. பிப்ரவரி 2ஆம் நாளுக்குப் பின், தவக்காலம் பிறக்கும் வரை, 'செகெட்டா' எனும் முகமூடியர் தெருவில் இறங்குவர். மரத்தில் குடைந்த கோரமுகம், ஆட்டுத்தோல், இடுப்பில் மாட்டுமணி. முற்காலத்தில் மணமாகாத இளைஞர்க்கே இவ்வேடம் உரியது. எதிர்ப்பட்டோரைத் துரத்திப் பிடித்துப் பனியும் கரியும் பூசுவர். திருச்சபை கண்டித்தும் வழக்கம் ஒழியவில்லை. நெடும் பனிக்காலம் முழுதும் அடைபட்ட இளமைக்கு அதுவே வாயில் போலும்.

இளவேனிலில் பனிச்சரிவு அச்சம். எவ்விடத்தில் வீடு கட்டலாகாது என்பதைப் பன்னூறாண்டுப் பட்டறிவு ஊரின் அமைப்பிலேயே எழுதி வைத்திருந்தது. கிறித்துவின் திருவுடல் பெருவிழாவில், அயல்மன்னர்க்குக் கூலிப்படையாய்ச் சென்ற முன்னோர் நினைவாகச் செவ்வுடைப் படைவீரர் அணிவகுப்பர். பின்னர் மாடுகள் மேல்மேய்ச்சலுக்கு ஏறும். அங்கே கறந்து பாலாடைக்கட்டி செய்வது இப்பள்ளத்தாக்கில் பெண்டிர் பணி; கீழே புல்லறுத்து உலர்த்துவோர் ஆடவர். கோடையில் சேர்த்த உலர்புல் எத்தனை மாட்டுக்குப் போதுமோ, அத்தனையே பனிக்காலம் கடக்கும். கூதிரில் மந்தை இறங்கிவிட்டால் ஆண்டு நிறைந்தது.

இவ்வொழுங்கில் மே மாத இறுதி அமைதிக்குரியது. மந்தை ஏறுவதற்குச் சில வாரங்களே இருந்தன. ஊருக்கு மேலே சிறு நெஸ்ட்ஹோர்ன் சிகரம் நொறுங்கி, அதன் பாறைகள் பிர்ச் பனியாற்றின்மேல் குவிந்துகொண்டிருந்தன. அதனை முன்னறிந்து 2025 மே 19இல் ஏறத்தாழ 300 பேரும் வெளியேற்றப்பட்டனர், மாடுகளும் சென்றன. காலில் அடிபட்ட பசுவொன்று ஹெலிகாப்டரில் தொங்கிச் சென்றதை உலகமே படத்தில் பார்த்தது. 28ஆம் நாள் பிற்பகல் பனியாறு மொத்தமாகச் சரிந்தது. ஊரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புதைந்தது. எஞ்சிய வீடுகளில் தடைபட்ட லோன்சாவின் நீர் புகுந்தது. ஒருவர் மாண்டார்.

மாந்தரைக் காத்தது பழைய பருவ அறிவன்று, அளவைக் கருவிகளே என்பதை ஒப்பத்தான் வேண்டும். உறைநிலம் வெப்பமுறும் காலத்தில் மலை எம்மாதத்தில் இறங்கும் என்பதை முன்னோர் எழுதிவைக்க வழியில்லை. எனினும் ஊரை மீண்டும் எழுப்புவதென்றே ஊரவை உறுதி பூண்டது.

பிளாட்டனுக்கும் மேலேயுள்ள ஃபாஃப்லரால்ப் மேய்ச்சல்நிலம் சரிவுக்குத் தப்பியது. அங்கே ஏறிச்செல்லும் சாலைதான் ஊரோடு புதைந்து போயிற்று.