தமிழ்த் திரையில் துரத்தல் காட்சிகள்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு வண்டி தப்பி ஓடுகிறது; இன்னொரு வண்டி அதைத் துரத்துகிறது. கதை என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆயினும் திரைப்படம் தோன்றிய காலந்தொட்டு இன்றுவரை ரசிகர்கள் சலிக்காமல் பார்த்து வரும் காட்சி இது. உலக அளவில் இதன் உச்சமாகக் கருதப்படுவது 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்கக் கார் துரத்தல் படங்கள். தமிழில் இக்காட்சி வேறு வழியில் வளர்ந்தது. அந்த வழியில் சீர்காழி, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் ஆகிய ஊர்களைக் கொண்ட காவிரிப் படுகைக்கும் ஒரு பங்கு உண்டு.

பந்தயம் பார்த்த கண்கள்

சீர்காழிக்குத் தெற்கே, தரங்கம்பாடி செல்லும் வழியில் உள்ள திருக்கடையூரில் காணும் பொங்கலன்று எல்கைப் பந்தயம் நடப்பது வழக்கம். மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரிவு பிரிவாக ஓடும். சாலையின் இரு மருங்கிலும் நிற்கும் கூட்டத்துக்கு முழுப் பந்தயமும் தெரியாது. தூரத்தில் புழுதி, பிறகு சலங்கை ஒலி, பிறகு கண்ணெதிரே சில நொடிகள், அதன்பின் வண்டியின் முதுகு. இடையில் யார் யாரை முந்தினார், எந்த வளைவில் சக்கரம் உரசியது என்பதையெல்லாம் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரைப்படம் இந்தக் குறையைத்தான் தீர்த்து வைத்தது. ஓடுபவன் முகம், துரத்துபவன் முகம், சக்கரம், குறுக்கே வரும் தடை என்று மாறி மாறிக் காட்டி, சாலையோரம் நின்றவனை வண்டிக்குள் ஏற்றி உட்கார வைத்தது. அமெரிக்கரான எட்வின் எஸ். போர்ட்டர் 1903-இல் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ படத்திலேயே, கொள்ளையரைக் குதிரைகளில் துரத்தும் காட்சி இடம்பெற்றுவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1905-இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். தென்னிந்தியாவில் கூடாரக் கொட்டகைகள் பரவியது இவருக்குப் பிறகே.

பேசாப் படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளை நிறைத்தவற்றில் அமெரிக்கத் தொடர் படங்களும் உண்டு. எட்டி போலோ என்ற சாகச நடிகர் பெயர் சென்னையில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியும் நாயகன் ஆபத்தில் தொங்கும் இடத்தில் நின்றுவிடும். மீதிக்கு அடுத்த வாரம் வர வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லிக்கொண்டு வருவார். துரத்தல் வந்துவிட்டால் அவருக்கு வேலை குறைவு. குதிரை ஓடுவதை விளக்க மொழி தேவையில்லை. பல மொழிகள் பேசும் ஒரு நாட்டில் இவ்வகைப் படங்கள் நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ பம்பாய்ப் பேசாப் படங்களில் உடல்வலிமை காட்டிப் புகழ்பெற்றார். பம்பாயில் வாடியா சகோதரர்கள் ‘ஹண்டர்வாலி’ (1935), ‘மிஸ் ஃபிரண்டியர் மெயில்’ (1936) என்று நாடியாவை வைத்துச் சாகசப் படங்கள் எடுத்தபோது, தமிழில் கே. அமர்நாத் இயக்கத்தில் கே. டி. ருக்மணி நடித்த ‘மின்னல் கொடி’ (1937) வந்தது. புராணப் படங்களும் பாட்டுப் படங்களும் ஆண்ட காலத்தில் ஒரு பெண் சண்டையிட்டு ஓடித் தப்பும் படம் வந்தது என்பதை வரலாறு எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. பேசியிருக்கலாம்.

தரை டிக்கெட்டும் தஞ்சாவூர் இயக்குநரும்

டெல்டாவில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசி மாதங்களே டூரிங் டாக்கீஸுக்கு நல்ல காலம். தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்று மூன்று தரம். தரையில் உட்காருபவர்கள் மணலைக் குவித்து மேடாக்கிக்கொள்வார்கள். ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. துரத்தல் நடுவில் சுருள் முடிந்தால் எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு, எட்டி போலோ காலத்துத் தொடர் படத்தின் உத்தி புதிதாகத் தோன்றாது.

இக்கொட்டகைகளுக்குப் பரபரப்புப் படங்களைத் தந்தவர்களில் ஒருவர் டி. ஆர். ராமண்ணா. தஞ்சாவூரில் பிறந்த நடிகை டி. ஆர். ராஜகுமாரியின் தம்பி. அந்தப் பெயர்களில் உள்ள ‘டி’ தஞ்சாவூரைக் குறிப்பதே. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) இவர் இயக்கியது. அது ஓடவில்லை. அடுத்த ஆண்டே ‘குலேபகாவலி’ எடுத்தார்; அதில் எம்.ஜி.ஆர். புலியுடன் மோதுவார், படம் ஓடியது. எதைக் காட்டினால் கொட்டகை நிமிர்ந்து உட்காரும் என்பதை அவர் அப்போதே புரிந்துகொண்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. ‘பறக்கும் பாவை’ (1966) சர்க்கஸ் கூடாரத்துக்குள் போனது. ரவிச்சந்திரனும் ஜெயலலிதாவும் நடித்த ‘நான்’ (1967), ‘மூன்றெழுத்து’ (1968), சிவாஜி துப்பறியும் அதிகாரியாக வந்த ‘தங்கச் சுரங்கம்’ (1969) ஆகியவை மர்மமும் வேகமும் கலந்தவை.

அதே காலத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற படங்களைத் தந்தது. ஜேம்ஸ் பாண்டின் பாதிப்பு வெளிப்படை. ஆனால் இப்படங்களின் வில்லன்கள் தங்கம் கடத்துபவர்களாகவும் கள்ளநோட்டு அடிப்பவர்களாகவும் இருந்தது ஹாலிவுட் இரவல் மட்டுமன்று. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாட்டில் தங்கக் கடத்தல் அன்றாடச் செய்தி. வேதாரண்யம், கோடிக்கரைக் கடலோரம் அச்செய்திகளில் அடிபட்ட பகுதி. டெல்டா ரசிகருக்குக் கடத்தல்காரன் கார் கற்பனைப் பொருளாக இருக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோவின் பத்து நிமிடங்கள்

1968-இல் பீட்டர் யேட்ஸ் இயக்கிய ‘புல்லிட்’ வெளிவந்தது. அதில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டும் ஃபோர்டு மஸ்டாங், கருப்பு டாட்ஜ் சார்ஜர் ஒன்றைச் சான்பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் சுமார் 11 நிமிடம் துரத்துகிறது. அதுவரை பெரும்பாலான படங்களில் கார் ஸ்டூடியோவுக்குள்ளேயே நிற்கும். பின்னால் திரையில் சாலை ஓடும். நாயகன் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அல்லது கேமராவை மெதுவாக ஓட்டி, திரையில் வேகம் கூட்டுவார்கள். ‘புல்லிட்’ இரண்டையும் விட்டது. கார்கள் உண்மையான தெருவில் மணிக்கு 170 கிலோமீட்டரையும் தாண்டிப் பறந்தன. கேமரா காருக்குள் உட்கார்ந்தது. துரத்தல் சூடுபிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடும். அதன்பின் எஞ்சின் உறுமலும் டயர் கிறீச்சிடலும்தான்.

இக்காட்சியில் குறைகளும் உண்டு. ஒரே பச்சை வோக்ஸ்வேகன் திரும்பத் திரும்ப வழியில் வரும். சார்ஜரிலிருந்து கழன்று விழும் சக்கர மூடிகளை எண்ணினால் நான்குக்கு மேல் போகும். அரை நூற்றாண்டாக ரசிகர்கள் இவற்றை எண்ணி மகிழ்கிறார்கள். குறையும் தெரிந்து, மயக்கமும் குறையாமல் பார்ப்பதுதான் பழைய படங்களின் மீதான பற்று.

வில்லியம் ஃபிரீட்கின் 1971-இல் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தில் துரத்தலை இன்னும் கரடுமுரடாக்கினார். குற்றவாளி மேம்பால ரயிலில் தப்ப, அதிகாரி கீழே புரூக்ளின் சாலையில் காரில் துரத்துகிறார். முறையான அனுமதி இல்லாமல் சில பகுதிகள் எடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஸ்பீல்பெர்க் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூயல்’ படத்தில் ஒரு சாதாரண மனிதனை முகம் தெரியாத ஓட்டுநரின் லாரி துரத்துகிறது. காரணம் சொல்லப்படுவதே இல்லை. என் மதிப்பீட்டில் மூன்றிலும் மிக அச்சம் தருவது இதுவே.

நொறுக்க முடியாத கார்

தமிழில் இப்படி ஒரு படம் அன்று ஏன் வரவில்லை? திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. கார் என்பதே அரிதான பொருளாக இருந்தது. அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் வகைகள். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காரை ஒரு காட்சிக்காக நொறுக்கத் தயாரிப்பாளருக்கு மனம் வராது. வில்லனுக்குப் பழைய அமெரிக்கக் கார், நாயகனுக்கு ஜீப், முடிவில் மலைப்பாதையிலிருந்து உருண்டு தீப்பிடிக்கும் ஒரு பொம்மைக் கார் என்பதே வழக்கமாயிற்று. அதற்கும் ஊட்டி, கொடைக்கானல் போக வேண்டும். டெல்டாவில் கார் உருள மலை ஏது? வாய்க்கால் கரைச் சாலையில் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் நடவு வயல். முந்தவே இடம் இருக்காது. மதகிலோ ரயில்வே கேட்டிலோ எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே துரத்தல் வேறு வாகனங்களில் ஏறியது. எம்.ஜி.ஆருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் அது சைக்கிள் ரிக்‌ஷா. எஸ். பி. முத்துராமனின் ‘முரட்டுக்காளை’ (1980) படத்தில் ஓடும் ரயிலின் கூரை. ஜூடோ ரத்தினம் அமைத்த அந்தச் சண்டை இன்றும் பேசப்படுகிறது. விஜயகாந்தின் ‘உழவன் மகன்’ (1987) படத்தில் ரேக்ளா வண்டி. மணிரத்னத்தின் ‘திருடா திருடா’ (1993) தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டமாகவே அமைந்தது. சிறப்புத் தோற்றங்களுக்கான தேசிய விருது பெற்றும், வந்த காலத்தில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. தமிழர் அதிகம் நினைவில் வைத்திருக்கும் சினிமாக் கார், ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் தள்ளிக்கொண்டு போகும் கார்தான். உலகம் ஓடும் காரைக் கொண்டாடியபோது நாம் ஓடாத காரைக் கொண்டாடினோம். ஊருக்கு ஒரு பழைய கார் இருந்த, அதைப் பத்துப் பேர் தள்ளிப் பழகிய நாட்டில் அது இயல்பே.

ஷட்டரும் லாரியும்

டெல்டாவிலிருந்து வந்த இன்னொரு இயக்குநர், திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த லிங்குசாமி. அவருடைய ‘ரன்’ (2002) படத்தில் மாதவனை அடியாட்கள் துரத்துகிறார்கள். அவர் சுரங்கப்பாதைக்குள் ஓடி ஷட்டரை இழுத்து மூடுகிறார். தப்பித்தார் என்று நினைக்கும்போது, உள்ளே அவர்களோடுதான் தன்னைப் பூட்டிக்கொண்டார் என்று தெரிகிறது. துரத்தப்படுபவன் துரத்துபவனாக மாறும் கணம் அது, வாகனமே தேவைப்படவில்லை. அவரே பின்னர் ‘பையா’ (2010) படத்தில் பெங்களூரிலிருந்து மும்பை வரை ஒரு கருப்பு லான்சர் காரை ஓடவிட்டார். தாராளமயத்துக்குப் பின் கார் நடுத்தர வீட்டுக்கு வந்துவிட்ட காலம். படம் பார்த்தவர்கள் அந்த இருக்கையில் தம்மை எளிதாக வைத்துப் பார்க்க முடிந்தது.

லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) இவ்வரிசையில் தனியிடம் பெறும். திருச்சி வட்டாரத்தில் நிகழும் கதை. மயங்கிக் கிடக்கும் காவலர்களை ஏற்றிக்கொண்டு, சிறையிலிருந்து வந்த ஒருவன் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறான். பாடல் இல்லை, நாயகி இல்லை. அவன் வேகமாகப் போகவும் முடியாது. பின்னால் இருப்பவை உயிர்கள். லாரியின் கனம் திரையில் தெரிகிறது. ‘புல்லிட்’ எஞ்சின் ஒலியால் செய்ததை இப்படம் எடையால் செய்தது என்று கூறலாம்.

சீர்காழிப் பகுதி நாளிதழ் படிப்பவருக்குச் சாலைத் துரத்தல் செய்தியாகவும் பழக்கம். காரைக்காலில் மது விலை குறைவு. அதைக் கடத்திவரும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் போலீசார் விரட்டிப் பிடித்ததாக அடிக்கடி வரும். அச்செய்திகளில் சாலையோரம் நடந்து போனவரும் இருப்பார். திரைத் துரத்தலில் பழக்கடைத் தள்ளுவண்டி கவிழும். கடைக்காரர் யார் என்று எந்தப் படமும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டியது யார்?

‘புல்லிட்’ காரை முழுவதும் மெக்குயினே ஓட்டினார் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆபத்தான பகுதிகள் பலவற்றை ஓட்டியவர் பட் ஈகின்ஸ் என்ற சாகசக் கலைஞர். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் மெக்குயின் முகம் தெரிந்தால் ஓட்டுவது அவர். கண்ணாடி திருப்பப்பட்டிருந்தால் மற்றவர் என்று ரசிகர்கள் அடையாளம் சொல்வார்கள். எதிர்க் காரை ஓட்டிய பில் ஹிக்மன் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ துரத்தலிலும் ஓட்டினார். இரண்டு படங்களுக்கும் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஓட்டியவர்களுக்குத் தர அப்போது ஆஸ்கரில் பிரிவே இல்லை. 2027-இல் வெளியாகும் படங்களுக்குத்தான், 2028-ஆம் ஆண்டு விழாவில் சண்டைக்காட்சி வடிவமைப்புக்கு முதல் ஆஸ்கர் வழங்கப்படும் என்று 2025-இல் அறிவித்தார்கள். இந்தியத் தேசிய விருதுகளில் இதற்கான பரிசு 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. முதலில் பெற்றவர் பீட்டர் ஹெயின், ‘புலிமுருகன்’ என்ற மலையாளப் படத்துக்காக.

2025 ஜூலை 13 அன்று, நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் கார் கவிழும் காட்சி எடுக்கப்பட்டது. சரிவுப் பலகையில் வேகமாக ஏறிய கார் காற்றில் எழும்பித் தரையில் மோதி உருண்டது. ஓட்டியவர் பல ஆண்டுகள் அனுபவமுள்ள சண்டைக் கலைஞர். உதவிக்கு ஓடியவர்கள் அவரை வெளியே எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், அவர் பிழைக்கவில்லை. படக்குழுவினர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. படம் முடியும் முன்பே அந்தக் காட்சி கைப்பேசிகளில் பரவிவிட்டது.