லாரன்ஸ் கார்டன் கிளார்க்

லாரன்ஸ் கார்டன் கிளார்க் இங்கிலாந்தைச் சேர்ந்த தொலைக்காட்சி இயக்குநர் ஆவார். ‘எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்மஸ்’ (கிறிஸ்துமசுக்கு ஒரு பேய்க்கதை) என்ற பெயரில், பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒன்றாக எட்டுக் குறும்படங்களை ஒளிபரப்பியது. அவற்றுள் முதல் ஏழு படங்களை இயக்கியவர் கிளார்க்.

பின்னணி

குளிர்கால இரவில் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க்கதை கேட்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பழஞ்சுவடி அறிஞராக விளங்கிய எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936), கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்குத் தாம் எழுதிய பேய்க்கதைகளை வாசித்துக் காட்டுவார். அவரது முதல் தொகுப்பு 1904இல் வெளிவந்தது. 1968இல் ஜொனாதன் மில்லர் ஜேம்ஸின் கதை ஒன்றை பிபிசிக்காகப் படமாக்கினார். அப்போது ஆவணப்பட இயக்குநராக இருந்த கிளார்க், 1971இல் ‘தி ஸ்டால்ஸ் ஆஃப் பார்செஸ்டர்’ படத்தின் மூலம் அந்த வாசிப்பு வழக்கத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

படமாக்கிய முறை

அக்கால பிபிசி நாடகங்கள் பெரும்பாலும் அரங்குக்குள் வீடியோவில் பதிவு செய்யப்பட்டன. கிளார்க் 16 மி.மீ. படச்சுருளில், உண்மையான இடங்களில் படமெடுத்தார். முதல் படத்துக்கு நார்விச் பேராலயமும், 1974ஆம் ஆண்டுப் படத்துக்கு வெல்ஸ் பேராலயமும் களமாயின. இடம் மெய்யாகத் தெரிந்ததால், அங்கே தோன்றும் பேயும் நம்பத்தக்கதாயிற்று.

1972இல் வந்த ‘எ வார்னிங் டு தி க்யூரியஸ்’ இதற்குச் சிறந்த சான்று. கடற்கரையைப் படையெடுப்பிலிருந்து காப்பதாக நம்பப்படும் பழைய மணிமுடியைப் பாக்ஸ்டன் என்பவர் தோண்டி எடுக்கிறார். அதன் காவலனின் ஆவி அவரைத் தொடர்கிறது. கிளார்க்கே எழுதிய திரைக்கதையில் பாக்ஸ்டன் வேலையிழந்த ஏழை எழுத்தராகிறார். மூலக்கதையில் இல்லாத இந்த வறுமை, அவரது பிழைக்கு இரக்கத்தைச் சேர்க்கிறது. முடியைத் திரும்பப் புதைத்த பின்னும் அவருக்கு மன்னிப்பு இல்லை. நார்ஃபோக் கடற்கரையின் பகல் வெளிச்சத்தில், பேய் பெரும்பாலும் தொலைவில் நிற்கும் கரிய உருவமாகவே தெரிகிறது.

1976இல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘தி சிக்னல்மேன்’ கதையை ஆண்ட்ரூ டேவிஸின் திரைக்கதையில் இயக்கினார். 1865இல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பிய டிக்கன்ஸ், அடுத்த ஆண்டு எழுதிய கதை அது. வரப்போகும் விபத்தை உணர்ந்தும் அதைத் தடுக்க வழியறியாத ரயில்வே ஊழியராக டென்ஹோம் எலியட் நடித்தார். சுரங்கப்பாதையின் வாயிலும் சிக்னல் அறையின் மணியுமே இதில் அச்சத்தை எழுப்புகின்றன.

விலகலும் தொடர்ச்சியும்

1977இல் பழங்கதையை விட்டு, கிளைவ் எக்ஸ்டன் எழுதிய ‘ஸ்டிக்மா’ என்ற சமகாலக் கதையைக் கிளார்க் இயக்கினார். அதன்பின் வரிசையிலிருந்து விலகினார். 1978ஆம் ஆண்டுப் படத்தை டெரெக் லிஸ்டர் இயக்க, அத்துடன் வரிசை நின்றது. 1979இல் ஜேம்ஸின் ‘காஸ்டிங் தி ரூன்ஸ்’ கதையை ஐடிவிக்காகக் கிளார்க் படமாக்கினார்.

2005இல் பிபிசி மீண்டும் ஜேம்ஸின் கதையையே எடுத்துக்கொண்டு இவ்வரிசையைப் புதுப்பித்தது. 2013 முதல் மார்க் கேட்டிஸ் இதே பெயரில் படங்களை இயக்கிவருகிறார். ஒரு கல்லூரி அறையில் சில நண்பர்களுக்காக வாசிக்கப்பட்ட கதைகள் ஒரு நாட்டின் பண்டிகைக்கால வழக்கமாக மாறியதில் கிளார்க்கின் ஏழு படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.