தைல மரம் தாளாகும் வழி

பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் தைல மரத் தோப்புகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசை பிடித்து நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் பிறந்த மரம் அது. பிரேசிலில் அதைப் பெரிய அளவில் வளர்க்கத் தொடங்கியவர் எட்முண்டோ நவாரோ டி ஆண்ட்ராடே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாவோ பாவ்லோ பகுதி ரயில்வே கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வேளாண் வல்லுநர். என்ஜினுக்கு விறகும் தண்டவாளத்துக்குக் கட்டையும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. இன்று அந்த மரத்தின் நார் உலகம் முழுவதும் டிஷ்யூ ஆலைகளுக்குப் போகிறது.

நட்டு ஆறேழு ஆண்டில் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். பட்டை உரித்து, சில்லுகளாக நறுக்கி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் 160 டிகிரி வெப்பத்தையொட்டி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். மரத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்புச் சாறாகப் பிரிகிறது. அந்தச் சாற்றை எரித்தே ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். மிஞ்சுவது செல்லுலோஸ் நார். வெளுத்து, உலர்த்தி, கட்டுகளாகக் கட்டிக் கப்பலேற்றுகிறார்கள்.

இந்த நாரின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. குளிர்நாட்டுப் பைன் மர நாரோ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரும். குட்டை நாரின் நுனிகள் தாளின் மேல் மெல்லிய ரோமம்போல் நிற்பதால் கைக்கு மிருதுவாகப் படுகிறது. நீள நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலுவைத் தருகிறது. இரண்டும் வேண்டும் என்பதால் நல்ல ஆலைகள் அடுக்கடுக்காக ஊற்றுகின்றன: வெளிப்பக்கம் தைல மரம், நடுவில் பைன்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நனைந்த செல்லுலோஸ் நார்கள் உலரும்போது தாமாகவே ஒட்டிக்கொள்ளும். காகிதம் காகிதமாக நிற்பதே அதனால்தான். ஒட்டு கூடினால் வலு கூடும், ஆனால் தாள் விறைத்துப்போகும். ஒட்டைக் குறைத்தால் மிருதுவாகும், தொட்டாலே கிழியும். டிஷ்யூ செய்பவரின் கைத்திறன் முழுவதும், எவ்வளவு ஒட்டவிடுவது, எவ்வளவு பிரிப்பது என்பதில் அடங்கியிருக்கிறது. நாரை இதமாக அரைக்கிறார்கள். துணிக்குப் போடும் கண்டிஷனர் வகையைச் சேர்ந்த ரசாயனத்தைச் சேர்த்து ஒட்டைத் தளர்த்துகிறார்கள்.

கட்டுகளைத் தண்ணீரில் கரைத்த கூழ் டிஷ்யூ இயந்திரத்துக்குள் நுழையும்போது அதில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். அது ஓடும் வலைமீது பாய்ந்து, வடிந்து, யாங்கி டிரையர் என்னும் ராட்சத உருளையில் போய் ஒட்டுகிறது. நான்கைந்து மீட்டர் விட்டம், உள்ளே நீராவி. ஒரு நொடிகூட ஆகாமல் தாள் காய்ந்துவிடுகிறது. அடுத்த கணம் உருளையின்மேல் படிந்திருக்கும் பிளேடு அதைச் சுரண்டி எடுக்கிறது. முட்டி நிற்கும் தாள் புடவைக் கொசுவம்போல் நுண்ணிய மடிப்புகளாகச் சுருங்குகிறது. இறுகிய ஒட்டுகளில் பல அங்கேயே விட்டுப்போகின்றன. மிருதுத்தன்மையில் பெரும்பங்கு இந்தச் சுரண்டலில் பிறப்பது. ஒரு டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்கே ஓடும் கோடுகள் தெரியும். மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் நன்றாக நீளும், மறுபக்கம் அவ்வளவாக நீளாது.

அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் 1914-இல் ஐரோப்பிய ஆலைகளைப் பார்த்துவந்து இத்தகைய சுருக்கத் தாளைச் செய்யத் தொடங்கியது. முதல் உலகப் போரில் பஞ்சு கிடைக்காதபோது காயங்களுக்குக் கட்ட அது உதவியது. போர்முனை நர்சுகள் அதையே மாதவிடாய்க்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1920-இல் வந்த கோட்டெக்ஸ் நாப்கின் அவர்கள் காட்டிய வழி. 1924-இல் முகக் கிரீமைத் துடைக்க க்ளீனெக்ஸ் வந்தது. வாங்கியவர்கள் அதில் மூக்கைச் சிந்தினார்கள். கம்பெனி பிறகுதான் விளம்பரத்தை மாற்றியது. இந்தத் தாளுக்குச் சரியான வேலையைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தியவர்களே.

1960-களில் ப்ராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தாளை அழுத்திப் பிழியாமல் அதனூடே சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. அதே அளவு நாரில் தடித்த, நீரை நன்றாக உறிஞ்சும் தாள் கிடைத்தது. எரிபொருள் செலவு மட்டும் கூடுதல். நாரை மிச்சப்படுத்த நெருப்பைச் செலவிடும் இந்தக் கணக்கு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

சமையலறைத் தாளிலும் பெரும்பாலான முக டிஷ்யூவிலும் நனைந்தாலும் கிழியாதிருக்க ஒரு பிசின் சேர்க்கிறார்கள். நார்களைச் சுற்றி அது வலைபோல் இறுகிவிடுவதால் நீரில் எளிதில் கரையாது. கழிவறை ரோலில் அந்தப் பிசின் இருப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டையும் தனித்தனியே கலக்கிப் பாருங்கள், ரோல் தாள் கூழாகிவிடும், மற்றது துணிபோல் கிடக்கும். ஆகவே முகம் துடைத்த டிஷ்யூவைக் கழிவறையில் போட்டு நீர் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்துக்கொள்ளும். குப்பைக் கூடையில் போடுங்கள்.