எஞ்சினில் அளப்பதும் வயலில் விடுவதும்: அறுவடை எந்திரத்தின் சூழல் பாதிப்பை மதிப்பிடல்

வேளாண் எந்திரத்தின் சூழல் பாதிப்பு என்றதும் அளவுகோல் முதலில் போவது புகைக்குழாய்க்குத்தான். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சட்டம் இயற்றி மறு ஆண்டே டிராக்டர் சோதனையைத் தொடங்கியது. விற்பவர் சொல்லும் இழுவைத் திறனும் எரிபொருள் செலவும் மெய்தானா என்று உழவருக்குத் தெரிவிப்பதே அதன் நோக்கம். எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி அளக்கும் அந்த மரபையே புகை வரம்பு விதிகளும் பின்பற்றுகின்றன. இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள நான்காம் கட்ட விதியும், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு எத்தனை கிராம் மாசு என்றே கேட்கிறது. கேள்வி சரியானதுதான். அதன் விடையையே எந்திரத்தின் சூழல் பாதிப்பாக எழுதிக்கொள்வதுதான் பிழை. எந்திரம் வயலில் எதை விட்டுச் செல்கிறது என்பதும் அளவீட்டுக்குள் வராதவரை, சிறிய தீங்கைத் துல்லியமாகப் பதிந்துவிட்டுப் பெரிய தீங்கைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம் என்பது என் வாதம்.

பஞ்சாபின் நெல் வயலை எடுத்துக்கொள்வோம். கம்பைன் எனப்படும் அறுவடை எந்திரம் தாளின் மேற்பகுதியை அறுத்து, அடித்து, நெல்லைத் தொட்டியில் சேர்க்கிறது. வைக்கோலைப் பின்புறம் குறுகிய பட்டையாகக் கொட்டிக்கொண்டே போகிறது. அறுபட்ட அடித்தாள் நட்டமாக நிற்க, அதன்மேல் உதிரி வைக்கோல் குவிந்து கிடக்கும். கோதுமை விதைக்கும் கருவியின் கொழுக்களில் சுற்றி அடைத்துக்கொள்வது இந்த உதிரிதான். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிவைத்ததால், அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே மிஞ்சுவது இரண்டு மூன்று வாரங்களே. எனவே தீ வைக்கிறார்கள். தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எக்டேருக்கு 20 லிட்டர் டீசல் செலவானால், எஞ்சின் செய்யும் வேலை ஏறத்தாழ 70 கிலோவாட்-மணி. 75 கிலோவாட் அளவிலான வேளாண் எஞ்சினுக்கு மூன்றாம் கட்ட விதி அனுமதித்த நுண்துகள் 0.3 கிராம், எக்டேருக்கு 21 கிராம் ஆகிறது. நான்காம் கட்டத்தின் வரம்பான 0.025 கிராமை வைத்துப் பார்த்தால் 2 கிராமுக்கும் குறைவு. அதே எக்டேரில் கிடக்கும் 6 டன் வைக்கோல் எரிந்தால், டன்னுக்கு 3 கிலோ என்று இந்திய ஆய்வுகள் பரவலாகக் கையாளும் அளவின்படி, 18 கிலோ நுண்துகள் கிளம்பும். இந்த அளவு பத்து மடங்கு பிசகினாலும் எது பெரியது என்பது மாறாது. வைக்கோலின் கரியமில வாயுவை நான் சேர்க்கவில்லை. அடுத்த பயிர் அதை மீட்டுக்கொள்ளும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு முறை. நுண்துகளுக்கு அந்த விலக்கு கிடையாது. அது போய்ச் சேருவது மனிதர்களின் நுரையீரலில்.

தீ வைப்பது மனிதர்தானே, எந்திரத்தின் தலையில் அதை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். முழுப் பழியும் எந்திரத்துக்கு உரியதன்று. நீர்ச் சட்டத்துக்கும் கொள்முதல் கொள்கைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கையால் அறுத்தபோது தாள் தரையோடு வந்துவிடும்; உதிரிப் பட்டை என்ற ஒன்றே இராது. அதை உண்டாக்கியது எந்திரத்தின் வடிவமைப்பு. வடிவமைப்பை மாற்றினால் விளைவும் மாறும் என்பதற்குச் சான்று, கம்பைனின் பின்புறம் பொருத்தி வைக்கோலை நறுக்கிப் பரவலாகத் தூவும் கருவி. பஞ்சாப் 2018இல் அதைக் கட்டாயமாக்கியது. அப்படித் தூவிய வயலில் ஹேப்பி சீடர் என்னும் விதைப்புக் கருவி தீயில்லாமலே கோதுமையை விதைத்துவிடும். இங்கேதான் பழைய அளவுகோலின் குறை பளிச்சென்று தெரிகிறது. நறுக்கும் கருவியை ஓட்டக் கூடுதல் டீசல் வேண்டும். எக்டேருக்கு எவ்வளவு புகை என்று எஞ்சினை மட்டும் அளந்தால், தீயைத் தவிர்க்க உதவும் எந்திரமே மோசமானதாகப் பட்டியலில் பின்னுக்குப் போகும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சோதனை மேடையில் எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வரும், வயல் அப்படியா? தஞ்சாவூர்ப் பகுதியில் இதே வகை எந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோலைக் கட்டும் எந்திரம் வைத்துச் சுருட்டி, மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். பஞ்சாபிலோ தீவனத்துக்குக் கோதுமை வைக்கோலையே விரும்புவார்கள். சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. ஒரே எந்திரத்துக்கு இரண்டு விடைகள் வருவது உண்மை. ஆனால் அது அளவீட்டின் கோளாறு ஆகாது. பாதிப்பு எந்திரத்துக்கும் இடத்துக்கும் பொதுவானது என்பதையே அது காட்டுகிறது. சோதனைக் கூடத்தில் திரும்பத் திரும்ப அளக்கக்கூடிய எந்திரப் பண்புகளும் இருக்கவே செய்கின்றன: அறுக்கும் உயரம், வைக்கோல் பரவும் அகலமும் சீர்மையும், அச்சுப் பளு.

அச்சுப் பளுவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. தாமஸ் கெல்லரும் டேனி ஓரும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, தானியம் நிரம்பிய கம்பைனின் எடை 1958இல் ஏறத்தாழ 4 டன். 2020இல் 36 டன். டயர்கள் அகலமானதால் மேல்மண்ணில் விழும் அழுத்தம் பெரிதாக மாறவில்லை. உழவுக்கு எட்டாத அடிமண்ணிலோ அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நம் வயல்களில் ஓடுபவை இவ்வளவு கனமானவை அல்ல என்றாலும், ஈர நெல் வயலுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ளது போன்ற சோதனை நிலையங்களின் அறிக்கையில், எஞ்சின் எண்களுக்குப் பக்கத்திலேயே வைக்கோல் பரவலும் அடிமண் அழுத்தமும் இடம்பெற வேண்டும். மானியமும் அவற்றையும் பார்த்தே முடிவாக வேண்டும். நறுக்கும் கருவி பூட்டிய எந்திரத்துக்கு ஆகும் கூடுதல் டீசல் இன்று ஏக்கர் வாடகையில் ஏறி, ஊருக்கெல்லாம் சேரும் நன்மைக்கான செலவைச் சிறு உழவர் தலையில் வைக்கிறது.