செங்கொடியும் செவ்வெழுத்தும்: வீதிக் குறிகளின் வரலாறு

வீதியோரத்தில் நிற்கும் குறிப்பலகை மிகச் சிறியதொரு நூல் எனலாம். ஏனைய நூல்களைக் கற்போன் அமர்ந்திருந்து, ஐயுற்ற இடத்து மீண்டும் படித்துத் தெளிகின்றான். இந்நூலைப் படிப்போனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும் மோட்டார் வண்டி ஒரு விநாடியில் 44 அடி தூரத்தைக் கடக்கின்றது. 60 மைல் வேகத்தில் அத்தூரம் 88 அடியாகின்றது. ஒரு வாக்கியத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் முன்னரே அவ்வாக்கியம் சுட்டிய இடம் பின்னே சென்றுவிடும். ஆதலின் வீதிக் குறிகளின் மொழியிற் சொல் சுருங்கி வடிவம் ஓங்கிற்று. பயிலுஞ் சாரதிகள் பலர் இவ்வடிவங்களைப் பரீட்சைக்குரிய பட்டியலாக மாத்திரம் மனனஞ் செய்வர். ஆயின், அவை தோன்றிய வரலாற்றை நோக்குமிடத்து, வீதியிலே யாரால் யாருக்கு ஆபத்து என்னும் வினாவுக்குக் காலந்தோறும் மக்கள் அளித்த விடைகளே அவை என்பது புலனாகும்.

பண்டைக்கால வீதிகளிலும் குறிகள் இருந்தன. உரோமர் தம் பெருவீதிகளில் மைற்கற்களை நாட்டித் தூரத்தையும் பேரரசர் பெயரையும் அவற்றிற் பொறித்தனர். அக்கற்கள் வழிப்போக்கனுக்கு இடத்தை அறிவித்தன; எவ்வாறு செல்லவேண்டுமென ஆணையிடவில்லை. நடந்தும் விலங்குகளின் துணைகொண்டும் சென்ற காலத்தில் அத்தகைய ஆணைக்குப் பெருந் தேவை எழவில்லை. பொறியின் ஆற்றலால் இயங்கும் ஊர்தி வீதிக்கு வந்த பின்னரே நிலைமை மாறிற்று.

அம்மாற்றத்தின் முதற் சின்னம் ஒரு செங்கொடியாகும். பிரித்தானியப் பாராளுமன்றம் 1865 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, வீதியிற் செல்லும் நீராவி ஊர்திகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகரத்தில் 2 மைலுக்கும் மேற்பட்ட வேகத்திற் செல்லலாகாதென விதித்தது. ஊர்திக்கு 60 யார் முன்னே ஒருவன் செங்கொடி தாங்கி நடந்து செல்லவேண்டுமெனவும் அச்சட்டம் கூறிற்று. இவ்விதியைப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். எனினும் அதன் அடிப்படைக் கருத்து நுணுகி நோக்கத்தக்கது. வீதி அதிற் செல்வோர்க்கு ஏற்கெனவே உரியது. புதிதாய் வந்த பொறியே தன் வரவை முன்னறிவிக்கக் கடமைப்பட்டது. எச்சரிக்கை வண்டியிடமிருந்து வீதியை நோக்கிச் சென்றது.

இதே நோக்கில் எழுந்த பிறிதொரு முயற்சி 1868 ஆம் ஆண்டு திசெம்பரில் இலண்டன் பாராளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட சமிக்ஞைத் தூணாகும். புகையிரதப் பாதைப் பொறியியலாளரான ஜே. பி. நைற் என்பார் அதனை அமைத்தார். பகலில் அசையுங் கைகளும், இரவிற் செந்நிறமும் பச்சை நிறமுமான வாயு விளக்குகளும் கட்டளையை உணர்த்தின. அடுத்த மாதமே வாயு வெடித்து, தூணை இயக்கிய பொலிசு உத்தியோகத்தர் காயமுற்றமையால் அம்முயற்சி நீடிக்கவில்லை.

துவிச்சக்கர வண்டி பரவியபோது எச்சரிக்கையின் திசை மாறலாயிற்று. உயர்ந்த முன்சில்லையும் வலுவற்ற தடைக் கருவியையும் கொண்ட அக்கால வண்டிகளிற் செங்குத்தான இறக்கங்களிற் செல்வது உயிருக்கு ஊறு விளைப்பதாயிருந்தது. ஆகவே துவிச்சக்கர வண்டிக் கழகத்தார் குன்றுகளின் உச்சியில் அபாய அறிவித்தற் பலகைகளைத் தம் செலவில் நாட்டினர். இங்கே ஆபத்து வீதியில் இருந்தது; காக்கப்பட வேண்டியவன் வண்டியிற் செல்பவன்.

1896 ஆம் ஆண்டில் இலேசான மோட்டார் வண்டிகளின் முன்னே ஒருவன் நடந்து செல்லும் விதி பிரித்தானியாவில் நீங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள் இலண்டன் கிறிஸ்டல் மாளிகைப் பகுதியில் பிரிஜெற் டிறிஸ்கோல் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். அந்நாட்டில் அவ்வகையில் இறந்த முதற் பாதசாரி அவரே என்பர். எனினும் அதன் பின் எழுந்த குறிகளும் பாதசாரியை உடனே கருத்திற் கொள்ளவில்லை. 1903 ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் வேக எல்லையை 20 மைலாக உயர்த்திச் சாரதிக்கு அனுமதிப்பத்திரத்தையும் விதித்தது. அப்பத்திரத்தைப் பெறப் பரீட்சை எதுவும் வேண்டப்படவில்லை. அடுத்த ஆண்டில் அரசாங்கம் வகுத்த முறையில் உள்ளீடற்ற செம்முக்கோணம் எச்சரிக்கையையும், செவ்வட்டம் தடையையும், வெண்வளையம் வேக எல்லையையும் உணர்த்தின. இன்று சாரதி பயில்வோர் முதன்முதற் கற்கும் பாடத்தின் வித்து இங்கே காணப்படுகின்றது.

பல மொழிகள் வழங்கும் ஐரோப்பாவில் ஒரு நாட்டினன் பிறநாட்டு எல்லையைச் சில மணி நேரத்திற் கடக்கத் தொடங்கியபோது, சொல்லால் எழுதிய பலகைகள் பயன்படாவாயின. இதன் பொருட்டு 1909 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை நான்கு படக்குறிகளை ஏற்றது. வீதியின் மேடுபள்ளம், வளைவு, சந்தி, புகையிரதக் கடவை என்பனவே அவை. இந்நான்கும் வீதியால் வண்டிக்கு நேரும் ஆபத்துக்களே என்பது ஊன்றிக் கவனிக்கற்பாலது. பாடசாலைச் சிறுவனோ, வீதியைக் கடக்கும் முதியவரோ அவற்றில் இடம்பெறவில்லை. 44 ஆண்டுகளுக்கு முன் செங்கொடி காத்தவர்களை முதல் உடன்படிக்கை மறந்துவிட்டதெனலாம்.

1931 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை குறிகளை மூவகைப்படுத்திற்று. ஆபத்தை அறிவிப்பன, திட்டமான ஆணையிடுவன, செய்தி மாத்திரம் கூறுவன என அவை வகுக்கப்பட்டன. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் ஆணையிடும், நாற்கோணம் அறிவிக்கும் என்னும் இலக்கணம் இவ்வாறு உறுதிபெற்றது. இலக்கணம் அறிந்தவன் முன்பின் கேளாத வாக்கியத்தையும் உணர்தல் போல, வடிவத்தின் பொருளை அறிந்த சாரதி தான் முன்னர் காணாத குறியையும் ஓரளவேனும் உணர்ந்து வேகத்தைத் தணிப்பான்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விலக்கணம் வேறு வழியில் வளர்ந்தது. அங்கே ஆங்கிலமே பரவலாக வழங்கியமையாற் சொற்கள் பலகையில் நிலைத்தன. ஆயினும் 1923 ஆம் ஆண்டிலே மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலை அதிகாரிகள் வடிவத்தையும் அளவுகோலாகக் கொண்டனர். பக்கங்கள் மிகுந்தோறும் ஆபத்து மிகும் என்பது அவர்தம் விதி. எண்ணற்ற பக்கங்களையுடையதெனக் கருதப்பட்ட வட்டம் புகையிரதக் கடவைக்கும், எண்கோணம் நிறுத்தற் குறிக்கும் உரியவாயின. அந்நிறுத்தற் குறி 1954 ஆம் ஆண்டுவரை மஞ்சள் நிறத்தினதாகவே இருந்தது. வெயிலில் மங்காத செந்நிறப் பூச்சு கிடைத்த பின்னரே அது சிவப்பாயிற்று.

மறக்கப்பட்ட பாதசாரியை மீண்டும் நினைவிற்குக் கொணர்ந்தவை பெருகிய மரணங்களே. பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டிகளுக்கிருந்த வேக எல்லையை நீக்கிற்று. அடுத்த ஆண்டில் ஒரு பென்னி விலையில் வீதி ஒழுங்கு நூல் வெளியாயிற்று. அதன் முதற் பதிப்பில் வீதிக் குறிகளின் படங்கள் இல்லை. இரண்டாம் பதிப்பிலேயே பத்துக் குறிகள் இடம்பெற்றன. 1934 ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் அந்நாட்டு வீதிகளில் மாண்டனர். அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் பாதசாரிகளாவர். போக்குவரத்து அமைச்சராயிருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா காலத்தில் மூன்று ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. பாதசாரிக் கடவைகளின் அருகே செம்மஞ்சள் உருண்டை தாங்கிய கம்பங்கள் நாட்டப்பட்டன. குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வேக எல்லை விதிக்கப்பட்டது. வீதி விளக்குகளின் வரிசையே அத்தகைய பகுதிக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மூன்றாவதாக, 1934 ஏப்ரில் 1 ஆம் நாளிலோ அதன் பின்னரோ வண்டி செலுத்தத் தொடங்கியோர்க்கு 1935 யூன் 1 முதற் சாரதிப் பரீட்சை கட்டாயமாயிற்று.

பயில்வோனின் வண்டியில் வெண்பலகையிற் செந்நிறத்தில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்துத் தொங்கவிடும் வழக்கமும் அக்காலத்ததே. ஏனைய குறிகள் வீதியை வண்டிக்கு அறிவிக்க, இவ்வெழுத்து வண்டியை வீதிக்கு அறிவித்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் வண்டிக்கு முன்னே நடந்த செங்கொடி, வண்டியின் முகத்திற் செவ்வெழுத்தாக மீண்டும் தோன்றியதெனலாம்.

பிரித்தானியக் குறிகள் அதன் பின்னரும் முக்கோணத்தின் கீழே சொற்களைத் தாங்கி நின்றன. பாடசாலையை உணர்த்தக் கல்வியின் சின்னமாகிய எரியும் தீவட்டியொன்று வரையப்பட்டிருந்தது. அறிவுடையோர்க்கு அது இனியதோர் உருவகம். ஆனால் உருவகத்தைச் சிந்தித்துப் பொருள் காண்பதற்குள் வண்டி பாடசாலை வாயிலைக் கடந்துவிடும். வேர்போய்ஸ் தலைமையிலான குழு 1963 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின்படி, ஜொக் கின்னியர், மார்கிறெற் கல்வேட் என்னும் இருவர் ஆக்கிய புதிய குறிகள் 1965 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. சிறுவர் குறியிலே, கல்வேட் அம்மையார் சிறுமியொருத்தி ஒரு சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதாக வரைந்தார். தீவட்டி கல்வியை நினைவூட்டிற்று. இப்படம் குழந்தையைக் கண்முன் நிறுத்துகின்றது.

1968 நவம்பர் 8 ஆம் நாள் வியன்னாவில் நிறைவேறி, 1978 ஆம் ஆண்டில் வலுப்பெற்ற உடன்படிக்கை ஐரோப்பிய, அமெரிக்க மரபுகள் இரண்டையும் இணைத்தது. எச்சரிக்கைக்கு முக்கோணத்தையோ சாய்சதுரத்தையோ நாடுகள் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவிற் பிறந்த செவ்வெண்கோணம் உலகின் பெரும்பகுதிக்கும் உரியதாயிற்று. எழுத்து உறைபனியால் மறைந்தாலும், பலகையின் பின்புறமே தோன்றினாலும் அதன் வடிவம் தன்னை அறிவிக்கும். வேறெக்குறிக்கும் அவ்வடிவம் இல்லாமையே அதன் சிறப்பு.

பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கையும் இடப்புறமாகச் செல்லும் வழக்கத்தையும், பயில்வோர்க்குரிய ‘எல்’ பலகையையும் அம்மரபிலிருந்தே பெற்றது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்நாட்டில் இவற்றிற்கு அடிப்படையாயிற்று. இங்கே எழுத்துப் பரீட்சை சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நடைபெறுகின்றது. பரீட்சையின் மொழி வேறுபடினும், வீதியில் முக்கோணமும் வட்டமும் பேசும் மொழி ஒன்றே.

இவ்வரலாற்றாற் பெறப்படுவது யாது? குறிகள் இருவகைக் கடமையை நினைவூட்டுகின்றன. வளைவும் மேடுபள்ளமும் காட்டுவன சாரதியைக் காப்பன. சிறுவரையும் கடவையையும் வேக எல்லையையும் காட்டுவன சாரதியிடமிருந்து பிறரைக் காப்பன. முன்னதை அச்சமே கற்பித்துவிடும். எவனும் தன் உயிரைப் பேணுவான். பின்னதைக் கற்பிக்கப் பல்லாயிரம் உயிர்களும் பல ஆண்டுகளும் வேண்டியிருந்தன. வெறிச்சோடிய வீதியிலும் சிறுவர் குறியைக் கண்டு வேகந் தணிக்கும் சாரதி, தான் காணாத குழந்தையொன்றை மதிக்கின்றான். பயில்வோன் பரீட்சையிற் சித்தியெய்தியதும் செவ்வெழுத்தைக் கழற்றிவிடுதல் சட்டத்திற்கு ஏற்றதே. ஆயினும், வண்டியும் வீதிக்கு ஓர் ஆபத்து என அவ்வெழுத்து கூறிய உண்மை அன்றோடு நீங்குவதில்லை.